ட்ரெவர் தட்டிய முன்கதவு

டாரன்பூல் ஊரில் மெரிலின் பாஸ்கோவைத் தெரியாதவர்கள் இல்லை. ஊரே நானூறு பேர்தான். அதில் முப்பத்தாறு பிள்ளைகளைத் தினமும் காலையில் பண்ணை பண்ணையாகப் போய் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருகிறவள் அவள். மீதிப் பேருக்கு அவள் 'புத்தகம் எழுதின மெரி'.

அந்தப் புத்தகமும் பஸ்ஸில்தான் எழுதப்பட்டது. எட்டே முக்காலுக்குப் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டால், திரும்ப மூன்றேகாலுக்குத்தான் வேலை. வீடு நாற்பது கிலோமீட்டர் தள்ளி. போய்வருவது வீண் என்று, ரயில்பாதை ஓரம் நிற்கும் தானியக் குதிருக்குப் பின்னால், காற்று அடிக்காத பக்கமாக வண்டியை நிறுத்திக்கொள்வாள். முதல் இருக்கையில் கால்களை நீட்டி, முழங்காலில் கம்பளியைப் போட்டு, அதன் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நாளுக்கு முந்நூறு சொற்கள். பதினாறு வயதில் பள்ளியை விட்டவள், ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிறவரின் மகள், நான்கு வருடத்தில் ஒரு காதல் கதையை எழுதி முடித்து மெல்போர்னில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினாள். அவர்கள் அதை அச்சிட்டார்கள். ஊரில் எல்லாரும் வாங்கி, எல்லாரும் தங்களை அதில் தேடினார்கள். கதாநாயகன் தான்தான் என்று இறைச்சிக்கடைக்காரர் இன்றுவரை நம்புகிறார். மெரிலின் மறுப்பதில்லை. அவளுக்கு நல்ல துண்டாகப் பார்த்துக் கொடுக்கிறார்.

சிக்கல் இரண்டாவது புத்தகத்தில் வந்தது. ஒப்பந்தம் இரண்டு புத்தகத்துக்கு. முதலாவதை எழுதும்போது யாரும் காத்திருக்கவில்லை. இப்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் யாரோ தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துப் படிப்பது போலிருந்தது. எழுதுவாள், அழிப்பாள். இரண்டு வருடத்தில் மூன்று முறை முதல் அத்தியாயத்தை முடித்தாள். பதிப்பகத்தின் ஆசிரியை இமொஜென் இரண்டு தடவை தவணை வாங்கிக் கொடுத்துவிட்டு, மே மாதம் எழுதினாள்: "ஆகஸ்ட் முப்பத்தொன்று, மெரிலின். இதற்கு மேல் மேலிடத்தில் என்னால் பேச முடியாது. அன்று வராவிட்டால் ஒப்பந்தம் முடிந்துவிடும்."

ஒப்பந்தம் முடிந்தால் பஸ் இருக்கிறது, பிழைப்புக்குக் குறையில்லை. அவளை அரித்தது வேறு. ஒரு புத்தகம் யாருக்கும் தற்செயலாக வந்துவிடலாம். முயல் கூட ஒருநாள் தானாகப் பொறியில் விழும். தான் எழுதக்கூடியவளா, அல்லது ஒரே ஒரு தடவை எழுதிவிட்டவளா? இதற்கு இரண்டாவது புத்தகம்தான் பதில் சொல்லும். அது வராமலே போனால், அதுவும் ஒரு பதில்தான்.

ஜூன் மாத நீண்ட விடுமுறைக்கு மகள் டீகன் பெண்டிகோவிலிருந்து வந்தாள். அம்மா சமையலறை மேசையில் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதை இரண்டு நாள் பொறுத்துக்கொண்டாள்.

"அம்மா, எங்க ஆபீஸ்ல எல்லாரும் ஏஐ வெச்சுத்தான் எழுதுறாங்க. நான் போட்டுத் தரேன், நகரு."

"நீங்க எழுதுறது தண்ணி வரி அறிக்கை. நான் எழுதுறது காதல்."

"தண்ணி வரிக்கே அழ வெக்குது. காதலுக்கு வெக்காதா?"

அப்படித்தான் ட்ரெவர் வீட்டுக்குள் வந்தான். பெயர் வைத்தவள் மெரிலின். அவளுக்கு ட்ரெவர் என்று ஒரு ஒன்றுவிட்ட அண்ணன் உண்டு. அடுத்த ஊரைத் தாண்டிப் போனதில்லை. ஆனால் எந்த ஊருக்கு வழி கேட்டாலும் தயங்காமல் சொல்வான்.

இந்த ட்ரெவரும் தயங்கவில்லை. "ஜேக், லூயிஸ் வீட்டுக்கு வருகிறான். அவள் கோபமாக இருக்கிறாள்" என்று அடித்துவிட்டு ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றித் திரும்பினால், இரண்டு பக்கம் தயாராக நிற்கும். அவள் அங்கே ஒரு சொல், இங்கே ஒரு சொல் மாற்றுவாள். முந்நூறு மூவாயிரமானது. நாற்பத்து மூன்று நாளில் இருபத்திரண்டு அத்தியாயமும் முடிந்தது. அதற்குப் பிறகும் அவளுக்கு நேரம் மிச்சமிருந்தது. பஸ்ஸின் கண்ணாடிகளை உள்ளேயும் வெளியேயும் துடைத்தாள். பின்னல் வேலைகூட ஆரம்பித்தாள்.

கணவன் க்ளெம் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னான்: "இப்பல்லாம் நீ நான் கேட்டதுக்குப் பதில் சொல்ற மெரி."

"முன்னால சொல்லலியா?"

"முன்னால உப்பு கேட்டா 'அவனை மன்னிக்க முடியாது'ன்னுவ."

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு யோசித்தாள். முதல் புத்தகத்தின் ஆட்கள் அவளோடு பாத்திரம் கழுவினார்கள், பஸ்ஸில் கடைசி இருக்கையில் உட்கார்ந்து வந்தார்கள். இந்த ஜேக்கும் லூயிஸும் லேப்டாப்பை மூடியதும் போய்விடுகிறார்கள். நல்ல பிள்ளைகள், தொந்தரவே இல்லை. அப்படியும் இருக்கலாம் என்று விட்டுவிட்டாள்.

முதல் வாசகி எப்போதும் ரேலீன்தான். தபால் நிலையத்தை நடத்துகிறவள், ஐந்தாம் வகுப்பிலிருந்து கூட்டாளி. அவள் எதையும் குளியல் தொட்டியில் கிடந்துதான் படிப்பாள். அவளிடம் போன காகிதம் அப்பளம் மாதிரி நெளிந்துதான் திரும்பும். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி, சனிக்கிழமை, அவள் பின்கதவைத் தள்ளிக்கொண்டு, படுத்திருந்த நாயைத் தாண்டி உள்ளே வந்து, கதையின் காகிதக் கட்டை மேசை மேல் வைத்தாள். கெட்டிலைத் தானே போட்டாள்.

"சொல்லு" என்றாள் மெரிலின்.

"யாரு செத்தது?"

"என்னது?"

"நான் கடைசிப் பக்கம் வரைக்கும் காத்திருந்தேன். தண்ணி ஆறிப்போச்சு. யாருடி செத்தது?"

"யாரும் சாகல. காதல் கதை ரேலீன்."

"அப்புறம் எதுக்கு அவன் முன்கதவைத் தட்டினான்?"

மெரிலினுக்குப் புரியவில்லை. ரேலீன் நெளிந்த காகிதங்களைப் புரட்டி இரண்டாம் அத்தியாயத்தை எடுத்து நீட்டினாள். அங்கே இருந்தது. ஜேக் வண்டியை நிறுத்தி, தோட்டத்து வழியாக நடந்து, தொப்பியைக் கழற்றி, லூயிஸ் வீட்டின் முன்கதவை மெல்லத் தட்டுகிறான்.

"பக்கத்துப் பண்ணைக்காரன் முன்கதவைத் தட்டுறான்னா என்ன அர்த்தம்? எங்க வீட்டு முன்கதவை இதுவரைக்கும் தட்டினது போலீஸ் ஒரு தடவை, பாதிரியார் ஒரு தடவை. ரெண்டும் ஒரே வாரத்துல. சரி, லூயிஸோட அப்பா போயிட்டார்னு நினைச்சேன். மனசைத் தேத்திக்கிட்டேன். அஞ்சாம் அத்தியாயத்துல அந்த மனுஷன் உட்கார்ந்து சூப் குடிக்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு."

மெரிலின் தன் வீட்டுக் கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். முன்கதவை ஒட்டி ஆள் நீளத்துக்குப் பெட்டி மாதிரி ஒரு ஃப்ரீசர் கிடந்தது. அது அங்கே வந்து பதினைந்து வருடம் இருக்கும். கதவின் சாவி எங்கே என்று க்ளெமுக்கும் தெரியாது.

"அது போகட்டும்" என்றாள் ரேலீன். "பதினெட்டாம் அத்தியாயம். டிசம்பர் மாசம். கோதுமை பாதி அறுத்துக் குவிச்சிருக்கு, பாதி அறுக்காம நிக்குது. மழை கொட்டுது. இவன் அதுல நனைஞ்சுக்கிட்டு அவளுக்கு முத்தம் கொடுத்துட்டு நிக்கிறான். ஓடிப்போய்த் தார்ப்பாய் தேடல. வானத்தைப் பார்த்து ஒரு வார்த்தை திட்டல. இவனை நம்பி எவ குடும்பம் நடத்துவா?"

மெரிலினுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ரேலீன் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது மெரிலின் சிரிப்பை நிறுத்தியிருந்தாள்.

"நான் இதை மூணு தடவை படிச்சேன் ரேலீன். எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

"நீதானே எழுதின?"

மெரிலின் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். ட்ரெவரைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னாள். ரேலீன் டீயை ஊதி ஊதிக் குடித்தபடி கேட்டாள்.

"அதான் பார்த்தேன். எல்லாரும் என்னமா பேசுறாங்க. நம்ம ஊர்ல எவன் தன் மனசுல இருக்கறதை முழுசாச் சொல்லியிருக்கான்? க்ளெம் உன்னைக் கல்யாணத்துக்குக் கேட்டப்ப என்ன சொன்னான்?"

"கடா ஒண்ணு விலைக்கு வந்திருக்கு, வந்து பாக்கறியான்னான்."

"நீயும் போன."

"நல்ல கடா."

அன்று ரேலீன் போன பிறகு மெரிலின் அந்தக் காகிதக் கட்டை முதலிலிருந்து படித்தாள். படிக்கச் சுகமாகத்தான் இருந்தது, புதுத் தார்ரோட்டில் வண்டி போவது போல. எங்கேயும் குலுங்கவில்லை. அதனால்தான் அவளும் ஓட்டிக்கொண்டே வந்து, எந்த ஊரில் இருக்கிறோம் என்று பார்க்காமல் போய்விட்டாளா? எதிரே வரும் வண்டிக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்காமல் இந்த ஊரில் யாரும் கடந்துபோவதில்லை. அந்த விரல் இருபத்திரண்டு அத்தியாயத்தில் ஒரு இடத்திலும் எழும்பவில்லை. ஐம்பத்திரண்டு வருடம் இங்கேயே கிடப்பவளின் பெயர் அந்தக் கட்டின் மேல் அச்சாகப்போகிறது.

க்ளெமின் யோசனை எளிமையானது. "மெல்போர்ன்ல எவனுக்குத் தெரியும் முன்கதவு பின்கதவு? தேதிக்கு அனுப்பிடு. பதினாறு நாள்ல இன்னொண்ணு எழுதிட முடியுமா?"

அவன் சொன்னதில் தப்பில்லை. அனுப்பினால் ஒப்பந்தம் நிற்கும். அனுப்பாமல் திருத்தப்போனால் தேதி போகும், தேதி போனால் எல்லாம் போகும். திங்கட்கிழமை குதிருக்குப் பின்னால் வண்டியை நிறுத்திக்கொண்டு அவள் நடுவழி ஒன்றைப் பிடித்தாள். 'முன்கதவு' வரும் இடங்களைத் தேடி எல்லாவற்றையும் 'பின்கதவு' ஆக்கிவிடலாம். பதினோரு இடம். முதல் இடத்தை மாற்றினாள். ஜேக் பின்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். என்ன லூயிஸ் என்றான். லூயிஸ் கெட்டிலைப் போட்டாள். அவ்வளவுதான், அந்த அத்தியாயத்துக்கு அங்கேயே உயிர் போய்விட்டது.

திரும்ப 'முன்கதவு' என்று மாற்றினாள். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஊர்க்காரன் ஒருவன், சாவும் இல்லாமல், எதற்காக முன்கதவைத் தட்டுவான்?

ஒரு டீ ஆறும் நேரம் அப்படியே இருந்தாள். பிறகு தெரிந்தது. ஜேக்கின் நாய் லூயிஸின் ஆடுகளைக் கடித்துப் போட்டிருக்கும். பதினோரு பெட்டை ஆடு. பக்கத்துப் பண்ணைக்காரனாக வந்தால் பின்கதவு. குற்றவாளியாக வந்தால் முன்கதவு. அவன் முன்னால் போய் நிற்கிறான். கதவு திறக்காது, உள்ளே ஃப்ரீசர். லூயிஸ் கத்துகிறாள்: "யாரா இருந்தாலும் பின்னால வாங்க." அவன் வரமாட்டேன் என்கிறான். இங்கேயே சொல்லிவிடுகிறேன் என்கிறான். மூடிய கதவைப் பார்த்து அவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல, அவள் உள்ளே ஃப்ரீசரின் மூடி மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்கிறாள்.

அன்று முழுக்க இருநூற்று எண்பது சொற்கள்தான் ஓடின. மாலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனபோது, கடைசி நிறுத்தத்தைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் போய், அங்கே இறங்க வேண்டியவன் "மிஸ், எங்க வீடு பின்னால போயிடுச்சு" என்று சொன்ன பிறகுதான் திருப்பினாள்.

ட்ரெவரை அவள் துரத்தவில்லை. வேலையை மட்டும் மாற்றிக் கொடுத்தாள். யாருக்கு என்ன வயது, எந்த வாரம் எந்த நிலவு, எத்தனை ஆடு மிச்சம் என்பதெல்லாம் அவன் பொறுப்பு. லூயிஸின் தம்பிக்கு முதல் அத்தியாயத்தில் இருபத்தொன்பது, ஒன்பதாவதில் முப்பத்திநான்கு என்று அவன்தான் கண்டுபிடித்தான். தடுமாறும் இடத்தில் அவனைக் கேட்பாள்: "இங்கே ஜேக் என்ன செய்வான்?" அவள் கையைப் பற்றுவான் என்பான் ட்ரெவர். "பற்றமாட்டான், வேலியைப் பார்ப்பான்" என்று அடிப்பாள். மிக நல்ல யோசனை என்பான். என்ன சொன்னாலும் மிக நல்ல யோசனைதான். ஆனால் எதை எழுத வேண்டாம் என்று ஒருவன் உடனுக்குடன் சொல்லிக்கொண்டிருப்பது அவளுக்கு வசதியாக இருந்தது. பழைய மெரிலினுக்கு அதைக் கண்டுபிடிக்கவே ஒரு வாரம் போகும்.

ஒரே ஒரு தடவை அவன் அவளை மடக்கினான். ஆட்டைக் கடித்த நாயைச் சுட வேண்டும். இதில் இரண்டாம் பேச்சே கிடையாது. நாயை வளர்த்தவனே சுடுவான், சுட்டுவிட்டு அதைப் பற்றிப் பேசமாட்டான். ட்ரெவருக்கு அந்த வழக்கம் தெரியவில்லை. அவன் எழுதிக் கொடுத்ததில் லூயிஸ் சொல்கிறாள்: நாயைச் சுடாதே, என்னிடம் கொடு. மெரிலின் சிரித்துக்கொண்டே அழிக்கப் போனாள். விரல் நின்றது. இந்த ஊரில் பிறந்த யாருக்கும் இது தோன்றாது. அவளுக்கும் தோன்றியிராது. ஆனால் ஒருத்தி கேட்டுவிட்டால்? தன் பதினோரு ஆட்டைக் கொன்ற நாயை ஒருத்தி எதற்காகக் கேட்பாள்?

ட்ரெவரிடம் காரணம் கேட்டாள். இரக்கம், மன்னிப்பு, புதிய தொடக்கம் என்று மூன்று பத்தி கொடுத்தான். மூன்றையும் அழித்தாள்.

தபால் நிலையத்தில் ரேலீனிடம் சொன்னபோது அவள் முத்திரையை ஓங்கிக் குத்தினாள். "கொலைகார நாயை வீட்டுல வெச்சுக்குவாளா? எவடி செய்வா?"

"லூயிஸ் செய்வா."

"ஏன்?"

"தெரியல. ரெண்டு நாளா அதையேதான் யோசிக்கிறேன்."

"க்ளெம் பாவம்" என்றாள், உப்புக் கதையை முன்பே கேட்டிருந்த ரேலீன். "உப்பு கிடைக்காது."

மூன்றாம் நாள் காலை, பஸ்ஸில் பிள்ளைகள் அத்தனை பேரும் இருக்கும்போது, காரணம் வந்தது. லூயிஸின் அப்பாவுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது. இரவு எழுந்து நடக்கிறார். அவர் பின்னாலேயே விடாமல் போகும் ஒரே பிராணி, அக்கம்பக்கத்தில், அந்த நாய்தான். மெரிலின் எதிரே வந்த மாடு ஏற்றிய லாரிக்கு ஒரு விரலைத் தூக்கினாள். பிறகு நிறுத்தம் வரும் வரைக்கும் மறந்துவிடக் கூடாதே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஓட்டினாள்.

இரவிலும் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதி, ஆகஸ்ட் முப்பத்தொன்று வந்தபோது இருபத்திரண்டில் முதல் ஏழு அத்தியாயம் அவளுடையதாகியிருந்தது. அந்த ஏழு அத்தியாயத்தையும் மேலே வைத்தாள். மீதிப் பதினைந்தை ட்ரெவர் எழுதியபடியே கீழே வைத்து, மேலே ஒரு கடிதம் எழுதினாள். 'முதல் ஏழும் நான் எழுதியது. மற்றது இயந்திரம் எழுதியது. அதை அச்சிட வேண்டாம், கதை எங்கே போகிறது என்பதற்கு மட்டும் பாருங்கள், நான் எழுதும்போது அங்கேயும் போகாது. முழுவதும் என்னுடையது என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை.' க்ளெம் கடிதத்தைப் படித்துவிட்டு, "உன்னையே நீ காட்டிக்கொடுத்துக்கற" என்றான். பிறகு, அவள் கேட்காமலே, அதை ரேலீனிடம் தானே கொண்டுபோய்ப் பதிவுத் தபாலில் சேர்த்தான். மெயிலில் அனுப்பினாலே போதும் என்பது அவனுக்கும் தெரியும். மெயிலும் போயிருந்தது.

மூன்று நாள் எதுவும் வரவில்லை. நான்காம் நாள், வெள்ளிக்கிழமை, குதிருக்குப் பின்னால் இருக்கும்போது போன் அடித்தது.

"மெரிலின், இமொஜென் பேசறேன். உட்கார்ந்திருக்கீங்களா?"

"பஸ்ல இருக்கேன்."

"ஓட்டிக்கிட்டா?"

"இல்ல, சொல்லுங்க."

"உங்க லெட்டரால இங்கே ரெண்டு நாள் சண்டை. இயந்திரம் எழுதினது எங்களுக்கு வேண்டாம், அதுல மாற்றமில்லை. மே மாசம் அன்னையர் தினத்துக்கு வெளியிட ஒதுக்கியிருந்த இடம் போயிடுச்சு, அதை வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டாங்க. அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியல."

"சரி" என்றாள் மெரிலின். கம்பளியின் ஓரத்தில் ஒரு நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஆனா அந்த ஏழு அத்தியாயத்தை மேலிடத்துல படிச்சுட்டாங்க. ஒப்பந்தம் நிக்குது. அடுத்த ஆகஸ்ட்ல போடறோம். மீதி எப்போ தருவீங்க?"

நூல் அறுந்து கையோடு வந்தது. "அறுவடைக்கு முன்னால தந்துடறேன்."

"அறுவடைன்னா எப்போ?"

"நவம்பர் நடுவுல."

"நவம்பர் பதினைஞ்சுன்னு எழுதிக்கறேன். இன்னொண்ணு கேக்கணும். அந்த நாய் விஷயம். சுடாதே, என்கிட்ட கொடுன்னு அவ கேக்கற இடம். நான் ரயில்ல படிச்சுட்டு என் ஸ்டேஷனை விட்டுட்டேன். அது உங்களுக்கு எப்படித் தோணிச்சு?"

மெரிலின் அறுந்த நூலை விரலில் சுற்றினாள். தோன்றியது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"எனக்குத் தோணல. ட்ரெவருக்குத் தோணிச்சு."

"யார் ட்ரெவர்?"

"அந்த இயந்திரம். அவனுக்கு நம்ம ஊர் வழக்கம் தெரியாது, அதனால சொல்லிட்டான். ஆனா அவ எதுக்குக் கேட்டான்னு அவனுக்குத் தெரியல. அதை நான்தான் கண்டுபிடிச்சேன். மூணு நாள் ஆச்சு."

இமொஜென் சிரிப்பது கேட்டது.

"இதை இப்படியே எழுதிக் கொடுங்க. புத்தகத்துக்குப் பின்னால ஒரு பக்கம் போடலாம். எது அவன், எது நீங்கன்னு."

"ஒரு பக்கத்துல அடங்குமான்னு தெரியல" என்றாள் மெரிலின். "எனக்கே சில இடத்துல குழப்பமா இருக்கு."

"அதையும் எழுதுங்க."

போனை வைத்ததும் ரேலீனைக் கூப்பிடலாமா என்று நினைத்தாள். ரேலீன் கேட்டால் பத்து நிமிடத்தில் ஊருக்கே தெரியும். இறைச்சிக்கடைக்காரர், நாயின் சொந்தக்காரன் தான்தான் என்று ஆரம்பித்துவிடுவார். பள்ளி விட இருபத்தைந்து நிமிடம் இருந்தது. எட்டாம் அத்தியாயத்தைத் திறந்தாள். ட்ரெவர் எழுதிய முதல் பத்தியைப் படித்தாள், அழித்தாள். ஒரு வாக்கியம் எழுதினாள், அதையும் அழித்தாள். மூன்றாவதாக எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். லூயிஸின் அப்பா, இருட்டில், நாயிடம் நேரம் என்ன என்று கேட்கிறார்.

இது இருக்கட்டும் என்று அடுத்த வரிக்குப் போனாள்.